சிங்குவே தெர்ரேயில் தங்குமிடம் பிடிப்பது எப்படி: படியை எண்ணிவிட்டுப் பணம் கட்டுங்கள்

மிலானில் குடியிருப்பதால் கோடை வந்தால் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். ஊரிலிருந்து வருகிறவர்கள் ரோம், வெனிஸ் முடித்ததும் அடுத்துக் கேட்பது சிங்குவே தெர்ரே. மலைச்சரிவில் கலர் கலராக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து கடலோரக் கிராமங்கள். பாதிப் பேர் படத்தைப் பார்த்து ரூம் போட்டுவிட்டு, அங்கே படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்கிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் பயணத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று போட்டிருந்ததை நம்பி அந்த ஐந்தில் ஒன்றான ரியோமஜ்ஜோரேயில் ஒரு வீடு எடுத்தேன். 5 நிமிடம் என்னவோ உண்மைதான், வெறுங்கையோடு இருக்கும் வீட்டுக்காரருக்கு. அம்மா அறுபதாவது படியில் பெட்டியைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். மேலே இன்னும் 83 படி இருந்தது.

கீழே உள்ள வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் விலையில் தொடங்கிப் படியில் முடிக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

1. ரூம் தேடுமுன் ஆட்களையும் பெட்டிகளையும் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். யாருக்கு முழங்கால் வலி, யார் குழந்தையைத் தூக்க வேண்டும், ஆளுக்கு எத்தனை கிலோ பெட்டி. கூட்டத்தில் பலவீனமான கால் எதுவோ, அதற்குத்தான் வீடு பார்க்கிறீர்கள். பலமான ஆளுக்கு எந்த வீடும் சரிப்படும்.

முழங்கால் வலி உள்ளவர்களிடம் "ஏற முடியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இறங்க முடியுமா என்றும் கேளுங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்று நின்று ஏறிவிடலாம். இறங்கும்போது மொத்த எடையும் மூட்டில் விழுகிறது. இங்குள்ள பழைய கல்படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, தேய்ந்து வழவழப்பாக இருக்கும், பல இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை வீட்டுக்கு ஏறுவீர்கள் என்று கணக்குப் போடுங்கள். காலையில் கடல், மதியம் வந்து சாப்பிட்டுத் தூக்கம், மாலையில் மறுபடி வெளியே என்றால் இரண்டு ஏற்றம். 120 படி வீடு உங்களுக்கு 240 படி வீடு. குழந்தைக்கு மதியத் தூக்கம் உண்டென்றால் இந்த இரண்டு ஏற்றத்தைத் தவிர்க்கவே முடியாது.

2. தேதியையும் வந்து சேரும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

ஊரைத் தேர்ந்தெடுக்குமுன் இதை ஏன் செய்ய வேண்டும்? ராத்திரி 11 மணிக்கு வந்து இறங்குகிறவருக்குச் சில ஊர்கள் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. கிராமங்களுக்கு நடுவே ரயில் சில நிமிடப் பயணம்தான், பகலில் அடிக்கடி வரும். நள்ளிரவைத் தாண்டினால் வண்டி அரிது. தெருவில் டாக்ஸி பிடிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஊருக்குள் வெளியார் கார் நுழைய முடியாது.

தேதியில் கவனிக்க வேண்டியவை: ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15 இத்தாலியின் விடுமுறை நாட்கள். அவை வார இறுதியை ஒட்டி வந்தால் நடைமேடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஊர்த் திருவிழாக்களும் உண்டு. ஜூன் 24 ரியோமஜ்ஜோரேயிலும் மொந்தெரொஸ்ஸோவிலும், ஜூலை 20 வெர்னாட்சாவில், ஆகஸ்ட் 10 மனரோலாவில். பார்க்க அழகுதான். ஆனால் அன்றைக்குப் பெட்டியோடு ஊருக்குள் நுழைவது தேரோட்டத்தன்று ரதவீதிக்குள் வீடு மாற்றுவது போல.

இலையுதிர் காலத்தில் விலை இறங்கும், மழை ஏறும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாட்சாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் மூழ்கின. மழை எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் போவதானால் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய வீட்டை மட்டும் எடுங்கள்.

3. ஐந்தில் எந்த ஊர்?

எல்லோரும் "எது அழகு?" என்று கேட்கிறார்கள். ஐந்தும் அழகுதான், ரயிலில் ஒரே நாளில் ஐந்தையும் பார்த்துவிடலாம். எந்த ஊரில் தூங்குவது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை, நிலையத்திலிருந்து தெரு எப்படிப் போகிறது என்பதில்தான் இருக்கிறது.

மொந்தெரொஸ்ஸோ: வயதானவர்கள் இருந்தால் இதுதான். நிலையம் ஃபெஜீனா என்ற புதிய பகுதியில் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருக்கிறது. நடைமேடைப் படிகளை இறங்கிவிட்டால் சமதரை, எதிரே கடல். பழைய ஊர், ஒரு சுரங்கவழியைத் தாண்டிப் பத்து நிமிட நடை. "மொந்தெரொஸ்ஸோ என்றால் சமதரை" என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தும் ஏமாந்திருக்கிறார்கள். ஃபெஜீனாவிலேயே மலைப்பக்கம் ஏறும் சந்துகளில் விடுதிகள் உண்டு.

வெர்னாட்சா: நிலையத்திலிருந்து துறைமுகம் வரை ஒரே கடைத்தெரு, மெல்லிய இறக்கம். அந்தத் தெரு மேலேயே வீடு கிடைத்தால் நல்லது. தெருவிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒவ்வொரு சந்தும் நேராக வானத்துக்குத்தான் போகும்.

மனரோலா: நிலையத்தையும் ஊரையும் ஒரு நடைச் சுரங்கம் இணைக்கிறது. வெளியே வந்தால் பிரதான தெரு. ஒரு பக்கம் கடலுக்கு இறங்கும், மறுபக்கம் தேவாலயத்துக்கு ஏறும். தெரு பெரும்பாலும் சரிவுதான் என்பதால் சக்கரப் பெட்டியை இழுக்கலாம். சரிவு கடுமையானது, ஆனாலும் படியைவிட மேல்.

ரியோமஜ்ஜோரே: இங்கும் சுரங்கம், அதன் முடிவில் கொலம்போ தெருவின் அடிவாரம். அங்கிருந்து எல்லாம் ஏற்றம். மேலூருக்கு ஒரு லிஃப்ட் உண்டு. நீங்கள் போகும் வாரம் அது ஓடுகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்ட பிறகே அதை நம்பித் திட்டமிடுங்கள்.

கொர்னிலியா: இதற்கு மட்டும் துறைமுகம் கிடையாது. ஊர் கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. நிலையம் கீழே. நடுவில் லார்தரீனா என்ற படிக்கட்டு, 33 அடுக்கு, 382 படி. திருச்சி மலைக்கோட்டையைக் கையில் பெட்டியோடு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பஸ் ஒன்று உண்டு. பகலில் கூட்டம், ராத்திரி கிடையாது. ஆச்சரியம் என்னவென்றால், மேலே ஏறிவிட்ட பிறகு கொர்னிலியாவுக்குள் அதிகம் படி இல்லை. முதுகுப்பை மட்டும் கொண்டுவருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இந்த ஊரைத்தான். கடைசிச் சுற்றுலாக் கூட்டம் இறங்கிப்போன பிறகு உள்ளூர்ப் பாட்டிகள் பேசுவது மட்டும்தான் கேட்கும்.

ஐந்தும் ஒத்துவராவிட்டால், இரு முனையிலும் லெவந்தோ, லா ஸ்பெட்சியா இருக்கின்றன. லெவந்தோ சமதரை, நல்ல கடற்கரை, மொந்தெரொஸ்ஸோவுக்கு ரயிலில் சில நிமிடம். லா ஸ்பெட்சியா ஒரு நகரம், விலை குறைவு. ஆனால் தினமும் எல்லோருக்கும் ஆகும் ரயில் செலவை வாடகையோடு கூட்டிப் பாருங்கள். ஆறு பேர் மூன்று நாள் என்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு மட்டும் இவை இரண்டும்தான் நிம்மதி.

4. ஊருக்குள் எந்த உயரம்?

தொலைபேசி வரைபடம் சரிவான ஊரில் பொய் சொல்லும். மேலிருந்து பார்த்தால் வீடும் நிலையமும் 150 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். நடுவில் எட்டு மாடி உயரம் இருப்பதை அது காட்டாது.

கூகுள் எர்த்தைத் திறந்து நிலையத்தின் மேல் அம்புக்குறியை வையுங்கள், உயரம் காட்டும். பிறகு வீட்டின் மேல் வையுங்கள். வித்தியாசத்தை 0.17ஆல் வகுத்தால் படிகளின் எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும், ஏனென்றால் ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். நிலையம் 15 மீட்டர், வீடு 41 மீட்டர் என்று காட்டினால் வித்தியாசம் 26. சுமார் 150 படி. மாடிக்கு 17, 18 படி என்றால் எட்டு மாடிக்கும் மேல்.

இது துல்லியக் கணக்கு அல்ல. வழியில் ஓர் இறக்கம் வந்து மறுபடி ஏறினால் தப்பாகிவிடும். கட்டடத்துக்குள் இருக்கும் மாடிகளும் இதில் சேராது. ஆனால் 30 படி வீட்டையும் 150 படி வீட்டையும் பிரித்துக்காட்ட இதுவே போதும். இந்தச் சல்லடையில் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று. விளம்பரத்தில் உள்ள முகவரி சில சமயம் வீட்டின் முகவரியே அல்ல! ரூம் வாடகைக்கு விடுகிற பலருக்குக் கடைத்தெருவில் சின்ன அலுவலகம் இருக்கும், ரூம்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அலுவலகத்தில் சாவி வாங்கும்போது "அட, படியே இல்லையே" என்று சந்தோஷப்படுவீர்கள். பிறகு அவர் சாவியோடு முன்னால் ஏற ஆரம்பிப்பார்.

5. விளம்பரத்தையும் ரிவ்யூவையும் படிக்கும் முறை

படங்களில் வராததைத் தேடுங்கள். வாசற்கதவின் வெளிப்புறப் படம் இல்லையென்றால் அங்கே படிக்கட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தரைத்தளம்" என்ற சொல்லுக்குச் சரிவில் அர்த்தம் இல்லை. மேல்சந்து வழியாக வந்தால் தரைத்தளமாக இருப்பது, கீழ்த்தெருவிலிருந்து மூன்றாவது மாடியாக இருக்கும். "முதல் மாடி" என்பது நம் ஊர்க் கணக்குத்தான், தரைத்தளத்துக்கு மேல் ஒன்று. ஆனால் அந்தத் தரைத்தளத்துக்கே 70 படி ஏற வேண்டியிருக்கலாம்.

"விஸ்தா மாரே" என்றால் கடல் தெரியும். "பார்ஸியாலே" என்று சேர்த்திருந்தால், பால்கனியில் உடம்பை வளைத்தால் தெரியும். கடல் முழுசாகத் தெரிய வேண்டுமானால் உயரத்துக்குப் போக வேண்டும், அல்லது கடலோர முதல் வரிசைக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டும். நான் கடல் தெரியும் ரூமுக்குக் கூடுதல் காசு கொடுப்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. கடல் எப்படியும் கீழேதான் இருக்கிறது, பகல் முழுக்க அங்கேதானே இருக்கப்போகிறோம்.

"சொப்பால்கோ" என்ற சொல்லைப் பார்த்தால் நிதானியுங்கள். அது பரண். ஏணி மாதிரிப் படியில் ஏறி, குனிந்து படுக்க வேண்டிய கட்டில். நான்கு பேருக்கு வீடு என்று போட்டிருப்பார்கள், இருவர் பரணில்.

ரிவ்யூவில் தேடல் வசதி இருந்தால் படி, பெட்டி, ஈரம், மணி என்ற நான்கையும் பல மொழிகளில் தேடுங்கள். ஈரம் ஏன்? பாறையில் முதுகை ஒட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்க ரூமுக்கு ஜன்னல் இருக்காது. பூசண வாடை வரும். இதை வெயில்கால விருந்தாளி எழுத மாட்டார், ஏப்ரலில் தங்கியவர் எழுதியிருப்பார். மணி என்றால் தேவாலய மணி. கோபுரத்துக்குப் பக்கத்து வீடு என்றால் காலைத் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

யார் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். மலையேறியே பழகிய ஜெர்மானியர் "நல்ல உடற்பயிற்சி" என்று எழுதினால் நம் அகராதியில் அதற்கு வேறு பொருள்.

6. வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டிய செய்தி

பணம் கட்டுமுன் எழுதுங்கள். "படி அதிகமா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். எனக்கு வந்த பதில் "போக்கி, போக்கி". கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்று அர்த்தம். பொய் சொல்லவில்லை அவர். பிறந்ததிலிருந்து ஏறும் படி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்ணிக்கையைக் கேளுங்கள்:

நிலையத்திலிருந்து எங்கள் ரூம் கதவு வரை மொத்தம் எத்தனை படி? தெருவில் எத்தனை, கட்டடத்துக்குள் எத்தனை? ரூம் சரியாக எந்த இடத்தில், வரைபடத்தில் குறித்து அனுப்ப முடியுமா? படிக்குக் கைப்பிடிக் கம்பியும் ராத்திரி விளக்கும் உண்டா? பெட்டி தூக்க ஆள் கிடைக்குமா, எவ்வளவு? கடைசி நாள் காலி செய்த பிறகு பெட்டியை எங்கே வைப்பது?

எண்ணிக்கையோடு பதில் எழுதுகிறவர் நல்ல வீட்டுக்காரர். "கவலைப்படாதீர்கள், அருமையான வீடு" என்று எழுதுகிறவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

பதில் எழுத்தில், நீங்கள் புக்கிங் செய்யும் தளத்தின் செய்திப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சொன்னது ஒன்று, இருந்தது ஒன்று என்று பிறகு முறையிட வேண்டி வந்தால் காட்ட வேறு சாட்சி இருக்காது.

7. வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

நம் ஆட்கள் சமையலறை உள்ள வீட்டைத்தான் கேட்பார்கள். குழந்தைக்குத் தயிர்சாதம் வேண்டும். அதில் தப்பில்லை, ஆனால் மின்சாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் இணைப்புதான். ஏசி ஓட, இண்டக்‌ஷனில் குக்கர் ஏற, யாராவது கெட்டிலைப் போட்டால் மொத்த வீடும் அணைந்துவிடும். ரூமுக்குள் இருக்கும் சுவிட்சைத் தூக்கினால் வராது. மீட்டர் பல வீடுகளில் கட்டடத்தின் கீழ்வாசலில் இருக்கும், அங்கே போய் நெம்புகோலைத் தூக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு லுங்கியோடு, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு 46 படி இறங்கி ஏறினார். ஏறி வந்து மூச்சு விடுவதற்குள், பாதியில் நின்ற குக்கருக்காக அவர் மனைவி மறுபடி எல்லாவற்றையும் போட்டார். அதனால் மீட்டர் எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பெரிய சாதனம் மட்டும் ஓடட்டும்.

தண்ணீர்: ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு கொண்ட கட்டு ஒன்பது கிலோ. அதைத் தூக்கி ஏற வேண்டாம், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். அரிசி, பருப்பு, பொடிகளை மிலானிலோ லா ஸ்பெட்சியாவிலோ வாங்கி வந்துவிடுங்கள். கிராமத்துக் கடையில் பாஸ்தாவும் தக்காளியும்தான்.

ஜன்னலுக்குக் கொசுவலை இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் ஏசி இல்லாத மேல்மாடியை எடுக்காதீர்கள், அந்த வெக்கையில் ஏறி வந்து உட்கார ஒரு குளிர்ந்த இடம் வேண்டும்.

8. விலையைக் கடைசியில் பாருங்கள்

இப்போது உங்களிடம் மூன்று, நான்கு வீடுதான் மிஞ்சியிருக்கும். சுத்தம் செய்யும் கட்டணத்தைக் கூட்டுங்கள். தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனி. பலர் அதை நேரில் ரொக்கமாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல.

2025 ஜனவரி 1 முதல் வாடகைக்கு விடும் ஒவ்வொரு இடத்துக்கும் தேசிய அடையாள எண் இருக்க வேண்டும், விளம்பரத்தில் அதைக் காட்ட வேண்டும். அந்த எண் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். வந்ததும் குழந்தைகள் உட்பட எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். தங்குகிறவர்களின் விவரத்தைப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். "பாஸ்போர்ட்டை ஏன் படம் எடுக்கிறான்?" என்று மாமா சண்டைக்குப் போவதை இரண்டு முறை பார்த்தாயிற்று.

9. போகும் நாளும் திரும்பும் நாளும்

பெரிய பெட்டிகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். லா ஸ்பெட்சியா நிலையத்தருகே காசு வாங்கிக்கொண்டு பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. மூன்று நாள் துணியை ஆளுக்கு ஒரு முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு மீதியை அங்கே போட்டுவிடுங்கள். அவை எத்தனை மணிக்கு மூடும் என்று முன்பே பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஐந்து பெரிய பெட்டியோடு போய், பெட்டிக்கு ஒருமுறை என்று ஐந்து முறை ஏறி இறங்கியது. முதல் நாள் கடலைப் பார்க்கவே இல்லை.

தள்ளுவண்டி வேண்டாம், குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பை போதும். வழவழத்த செருப்பும் வேண்டாம். மழையில் அந்தக் கற்படி எண்ணெய் தடவினது போல இருக்கும்.

படகில் வரலாம் என்று நினைத்தால்: வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை ஓடும், கொர்னிலியாவில் நிற்காது, கடல் கொந்தளித்தால் ரத்து. பெட்டியோடு வரும் நாளுக்கு ரயில்தான்.

விமானம் ஏறும் நாளன்று காலையில் கிராமத்தில் கண் விழிக்காதீர்கள். ரயில் வேலைநிறுத்தம் இங்கே ஊர்வழக்கம் மாதிரி. கடைசி இரவை மிலானிலோ பீசாவிலோ வையுங்கள். கிராமத்து வீட்டைக் காலையில் காலி செய்யும்போது குப்பையைப் பிரித்து, கீழே குறிப்பிட்ட இடத்தில் போட வேண்டியிருக்கும். பெட்டியை இறக்கும் அதே நடையில் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காக இன்னொரு முறை ஏற வேண்டாம்.